மாலுமியின் நாளேடு

தமிழில் நாள்தோறும் நாம் வழங்கும் சொற்களுள் சில, தாம் எந்தக் கரையிலிருந்து வந்திறங்கின என்பதை வெளிக்காட்டாமல் நம்மோடு ஒன்றிவிட்டவை. ‘மாலுமி’ என்பது அத்தகையதொரு சொல். அரபு மொழியில் ‘முஅல்லிம்’ என்றால் கற்பிப்பவர் என்று பொருள். பள்ளியில் சிறுவர்க்கு எழுத்தறிவிப்பவரும் முஅல்லிம். நடுக்கடலில் விண்மீன் நோக்கிக் கலத்துக்கு வழி சொல்பவரும் முஅல்லிம். பண்டைய அரபு வணிகக் கலங்களில் வழிகாட்டும் அறிஞருக்கு வழங்கிய அப்பெயரே நம் கரைகளில் ‘மாலுமி’ ஆயிற்று என்பர் சொல்லாராய்ச்சி வல்லோர். முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன் நின்று வரும் நமக்குக் கடலோடிகளின் நூல்கள்மீது ஒரு தனிப் பற்று உண்டானதற்கு இச்சொல்லுறவும் ஒரு காரணமாகும்.

நாம் தோணியேறிக் கழிமுகத்தைக் கடந்ததன்றி வேறு கடற்பயணம் செய்தோமில்லை. எனினும், இந்நூல்களைப் படிக்குந்தோறும் நம் உள்ளம் நாடுவது புயலையும் திமிங்கிலத்தையும் அன்று. பத்து மாதம் கரையை மிதியாத ஒரு மனிதர் காலையில் எழுந்ததும் என்ன செய்தார்? எதை உண்டார்? எவ்வாறு குளித்தார்? இரவில் விளக்கடியில் அமர்ந்து என்ன எழுதினார்? இக்கேள்விகளே நம்மை ஆட்கொள்கின்றன. புயல் பத்து நாள் வரும். மற்ற முந்நூறு நாளும் வெறும் நாள்களே. மனிதனைக் காப்பதும் கெடுப்பதும் அந்த வெறும் நாள்கள்தாம் என்பது நம் துணிபு. அதற்குச் சான்றாக ஒரு பந்தயத்தின் கதையை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1968-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் ‘ஸண்டே டைம்ஸ்’ இதழ் ஒரு போட்டியை அறிவித்தது. தனியொருவராய்ப் பாய்க்கலத்தில் புறப்பட்டு, எத்துறைமுகத்திலும் தங்காமல், எவருடைய உதவியும் பெறாமல் உலகைச் சுற்றி வரவேண்டும். முதலில் வந்து சேர்பவருக்குத் தங்க நிறப் பூகோள உருண்டை. மிகக் குறைந்த நாள்களில் சுற்றியவருக்கு 5,000 பவுன். அவ்வாண்டு ஜூன் முதல் அக்டோபர் முடிய எந்நாளிலும் புறப்படலாம் என்பது விதி. ஒன்பது பேர் புறப்பட்டனர். சுற்றி முடித்துத் திரும்பியவர் ஒருவரே. அவர் பெயர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அதிகாரியாக இருந்த அவருக்கு அப்போது 29 வயது.

அவருடைய படகின் பெயரைக் கேட்டபோதுதான் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதன் பெயர் ‘சுஹைலி’. அரபு படித்தோருக்கு இப்பெயர் அந்நியமன்று. தென்வானில் ஒளிரும் ஒரு பெருமீனுக்கு அரபியர் இட்ட பெயர் ‘ஸுஹைல்’. வானத்து விண்மீன்களுள் ஒளியில் இரண்டாமிடம் பெற்ற அம்மீனையே நம் முன்னோர் அகத்தியன் பெயரால் அழைத்தனர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் இப்னு மாஜித் முதலிய கடலறிஞர்கள், விண்மீன்களின் தோற்றமும் மறைவும் கொண்டு வகுத்த முப்பத்திரண்டு திசைகளுள் ஸுஹைலின் பெயர் தாங்கியவையும் உள. பாரசீக வளைகுடாவின் அரபு மாலுமிகள் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றைச் ‘சுஹைலி’ என்றனர். பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் இடையே கப்பலோட்டிய நாக்ஸ்-ஜான்ஸ்டன் அக்காற்றின் பெயரையே தம் படகுக்குச் சூட்டினார்.

படகும் பம்பாயில் பிறந்ததே. நம் நாட்டுத் தச்சர்கள் வாய்ச்சியாலும் கைத்துளையாலும் தேக்குமரத்தை இழைத்துச் செய்தது. 1964-ஆம் ஆண்டின் இறுதியில் நீரில் இறக்கப்பட்டது. நீளம் 32 அடி. நம் பள்ளியின் ஒரு வகுப்பறையைக் காட்டிலும் சற்றே நீளம், அகலத்தில் மிகக் குறைவு. போட்டியாளரின் படகுகளுள் இது விரைவானதன்று. அழகானதென்றும் எவரும் சொல்லவில்லை. 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறையை விட்டு இது புறப்பட்டது.

இனி அப்படகின் ஒரு நாளைப் பார்ப்போம்.

தனியொருவர் ஓட்டும் படகில் இரவென்றும் பகலென்றும் உறுதியான பிரிவில்லை. காற்றைக் கொண்டு தானே சுக்கானைத் திருப்பும் ஒரு பொறி பின்புறத்தில் இருந்தது. அது வேலை செய்யும் வரையில் அவர் துண்டு துண்டாக உறங்கலாம். பாயின் ஒலி மாறினாலோ, படகின் ஆட்டம் வேறுபட்டாலோ உறக்கத்திலேயே உடல் அறிந்து எழுப்பிவிடும். விடிந்ததும் முதல் வேலை மேல்தளத்தைச் சுற்றி வருவது. எந்தக் கயிறு தேய்ந்தது, எந்தத் தையல் பிரிந்தது, எந்த ஆணி தளர்ந்தது என்று கையால் தடவிப் பார்ப்பது. அடுத்து அடிப்பள்ளத்தில் ஊறிய நீரை இறைப்பது. அதன் பிறகே அடுப்பு.

அடுப்பு என்றால் மண்ணெண்ணெயில் எரியும் ‘பிரைமஸ்’. படகு சாயும்போது பாத்திரமும் சாயும். கொதிநீர் கையில் கொட்டாமல் தேநீர் வைப்பதே ஒரு வித்தை. உணவில் பெரும்பகுதி தகரத்தில் அடைத்தது. ஈரத்தில் தாள்கள் உரிந்து போகுமாதலால், நீண்ட பயணம் போவோர் தகரங்களின் மேலொட்டிய தாளை முன்பே அகற்றி, வண்ணத்தால் குறியிட்டு, மேலே வார்னிஷ் பூசி வைப்பது வழக்கம். உருளைக்கிழங்கும் வெங்காயமும் மூட்டை மூட்டையாய் ஏற்றப்பட்டன. பச்சைக் காய் கண்ணில் படாத மாதங்களில் வெங்காயமே காயும் கனியும் மருந்துமாயிற்று.

தண்ணீரின் கதை வேறு. நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே ஒரு பேரலை படகைப் பக்கவாட்டில் சாய்த்துத் தள்ளியது. நிமிர்ந்த பின் பார்த்தால், அறைக்குள் எல்லாம் கலைந்து கிடந்தன. சில நாளில் இன்னொன்றும் தெரிந்தது: தொட்டியிலிருந்த குடிநீர் கெட்டுப் போயிருந்தது. அதன் பின்னர் பெரும்பாலும் மழையே குடிநீர். பெரும் பாயின் அடிமூலையில் வாளியைக் கட்டிவிட்டு, மேகத்தை நோக்கிக் காத்திருப்பார். முதலில் வழியும் நீர் பாயின் உப்பைக் கழுவிக்கொண்டு வரும். அதைக் கொட்டிவிட வேண்டும். அடுத்து வருவதே குடிக்கத் தக்கது. கோடையில் ஊருணி வற்றி, குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்பதைக் கண்டு வளர்ந்த நமக்கு, நான்கு புறமும் நீர் சூழ்ந்திருக்க ஒரு வாளி நீருக்காக அவர் வானத்தைப் பார்த்து நின்ற காட்சி புரியாமற் போகவில்லை.

குளிப்பதற்கும் அவர் ஒரு முறை கண்டார். வெப்பக் கடலில் காற்று மெலிந்திருக்கும் நாள்களில், நீண்ட கயிறொன்றைப் பின்புறத்தில் மிதக்கவிடுவார். பிறகு படகின் முன்முனையிலிருந்து கடலில் பாய்ந்து, உடன் நீந்துவார். படகு அவரைக் கடந்து செல்லும். பின்பகுதி அருகே வந்ததும் கயிற்றைப் பற்றி மேலேறுவார். கயிற்றைத் தவறவிட்டால் படகு போய்க்கொண்டே இருக்கும். படிக்கும் நமக்கு நெஞ்சு பதறுகிறது. அவர் அதை உடற்பயிற்சி என்றே கருதினார்.

நாளின் நடுநாயகம் உச்சிப்பொழுது. மேகமில்லாத நாளில், சூரியன் உச்சியேறும் தருணத்தில், கோணமானியைக் கண்ணில் வைத்து அடிவானத்துக்கும் கதிரவனுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளப்பார். அட்டவணைகளைப் புரட்டிக் கணக்கிட்டால் தாம் நிற்கும் அட்சரேகை தெரியும். நிலப்படத்தில் ஒரு சிறு புள்ளியிட்டு, நேற்றைய புள்ளியோடு ஒரு கோட்டால் இணைப்பார். ஒரு நாளின் உழைப்பு முழுவதும் அந்த அரை அங்குலக் கோட்டில் அடங்கும். பிறகு நாளேட்டைத் திறந்து எழுதுவார்: காற்றின் திசை, பாரமானியின் அளவு, ஏற்றியிருக்கும் பாய்கள், கடந்த தொலைவு, பழுதானவை.

பழுதின் பட்டியல் நீண்டதே. தென் அட்லாண்டிக்கை எட்டுவதற்கு முன்பே படகின் அடிப்பலகைப் பொருத்தில் நீர் கசிந்தது. பொருத்தில் பஞ்சைத் திணித்து அடைக்கும் வேலையை நம் கரையோரத் தச்சர் ‘கலப்பத்து’ என்பர். அரபியர் ‘கல்ஃபதா’ என்பர். இரண்டும் உறவுச் சொற்கள். கரையில் மணல்மீது நிறுத்திச் செய்ய வேண்டிய அவ்வேலையை அவர் நடுக்கடலில், நீருக்கடியில் மூச்சடக்கிச் செய்தார். வெளுத்த உடல் சுறாவின் கண்ணில் படலாகாதென்று கருநிறச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து இறங்கினார். சற்றுநேரம் மேலே வந்திருந்தபோது ஒரு சுறா சுற்றுவதைக் கண்டு, அதைச் சுட்டு வீழ்த்திய பிறகு மீண்டும் இறங்கினார். பஞ்சைக் கித்தான் துணியில் தைத்து, பொருத்தின்மேல் வைத்து அடித்து, மேலே செம்புத் தகட்டைப் பொருத்தினார். அந்த ஒட்டு அவரை வீடு வரை கொண்டு வந்து சேர்த்தது.

மற்றொரு நாள் மின்கலத்தின் அமிலம் கண்ணில் தெறித்தது. கண் போய்விடுமோ என்று அஞ்சிக் கரைக்குத் திரும்ப எண்ணினார். மருந்தூற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். இயந்திரத்தில் நூலிழை இடைவெளியை அளக்க வேண்டியபோது அளவுத்தகடு கிடைக்கவில்லை. தாள் எத்தனை அடுக்கினால் ஓர் அங்குலம் ஆகும் என்று எண்ணிக் கணக்கிட்டு, அத்தாளையே அளவுகோலாக்கினார். இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் சென்றதும் வானொலியால் செய்தி அனுப்ப இயலாமற் போயிற்று. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே தானியங்கிச் சுக்கான்பொறியும் முறிந்தது. அதன் பின் பாய்களைச் சமன்செய்து, சுக்கானைக் கட்டிவைத்து, படகு தானே நேர்வழியில் செல்லப் பழக்கினார். பொறி போனதும் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் எழுந்தது உண்மை. ஆனால் அடுத்த நாளும் வேலை இருந்தது; அவ்வேலையைச் செய்தார்; அதற்கடுத்த நாளும் அவ்வாறே.

மாலையில் நூல் படித்தார். கவிதைகளை மனனம் செய்தார். பிள்ளைப் பருவத்தில் விடியற்காலை விளக்கின் முன் அசைந்தாடி மனனம் செய்து வளர்ந்த நமக்கு இச்செய்தி இனித்தது. மனனம் என்பது தேர்வுக்கு மட்டும் உரியதென இக்காலத்து இளைஞர் எண்ணுகின்றனர். எழுதி வைத்த ஏடெல்லாம் நனைந்து போகும் இடத்தில், நெஞ்சில் எழுதியது மட்டுமே நனையாது. பேசுவதற்கு ஆளின்றி மாதக்கணக்கில் இருப்பவருக்கு நாவுக்கு வேலை கொடுக்கவும் அது உதவுகிறது.

இவ்வாறு தனித்தோடும் பந்தயம் ஒருவகை. பலர் சேர்ந்தோடும் பந்தயம் மற்றொரு வகை. 1973-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து தொடங்கிய உலகச் சுற்றுப் பந்தயம் அவ்வகையின் முன்னோடி. அதன் வழிவந்த பந்தயங்களில் நாளைக் காவல்முறைகளாகப் பகுத்துக்கொள்வர். நான்கு மணிநேரம் ஒரு குழு மேல்தளத்தில். மறுகுழு கீழே உறக்கத்தில். படுக்கைகள் ஆளுக்கொன்றாக இரா. ஒருவர் எழுந்த சூடு ஆறுமுன் மற்றவர் அதில் படுப்பார். எடையைக் குறைப்பதற்காக நீரெல்லாம் வற்றவைத்த உணவு. கொதிநீரை ஊற்றிக் கிளறினால் சோறும் ஒன்றே, கறியும் ஒன்றே. மாற்றுடையும் மிகக் குறைவு. இத்தனைக்கும் மேலாக அங்கே காக்கப்படும் ஒழுக்கம் ஒன்று உண்டு. அடுத்த காவலரை ஒரு நிமிடமும் காக்க வைக்கலாகாது. இறங்கிச் செல்பவர் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டே இறங்க வேண்டும். காற்று மாறியதை மறைத்துவிட்டு உறங்கச் செல்பவன், கீழே உறங்கும் அனைவரின் உயிரையும் பணயம் வைத்தவனாவான்.

இதைப் படித்தபோது நம் வீட்டின் நினைவு வந்தது. நம் உம்மா தம் இறுதிக் காலத்தில் ஏழு மாதம் படுக்கையில் இருந்தார்கள். நாமும் நம் தம்பியும் லாத்தாவும் இரவைச் சாமங்களாகப் பிரித்துக்கொண்டு முறைபோட்டு விழித்திருந்தோம். உம்மாவின் தலைமாட்டில் கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்தது. மருந்து கொடுத்த நேரம், குடித்த நீர், காய்ச்சலின் அளவு, உறங்கிய நேரம் ஆகியவற்றை அவரவர் முறையில் எழுத வேண்டுமென்பது லாத்தாவின் ஏற்பாடு. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் அவர். ஆனால் அவர் எழுதிய பக்கங்களே மிகத் தெளிவானவை. ஓரிரவு ‘மாத்திரையை வாயில் வைத்தேன், பாதியைத் துப்பிவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தார். மற்றோர் இரவு ‘இரண்டு மணிக்கு என் பெயரை மறந்து விட்டார்கள், மூன்று மணிக்கு நினைவு வந்தது’ என்றிருந்தது. எவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ‘மாத்திரை கொடுத்தாயிற்று’ என்று எழுதிவிட்டால் கேட்பாருமில்லை.

மருத்துவர் வந்தபோது நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. அந்நோட்டுப் புத்தகத்தையே வாங்கிப் பார்த்தார். துப்பிய மாத்திரையும் மறந்து மீண்ட பெயரும் அவருக்கு வழிகாட்டின. விழுங்குவதற்கு எளிதான நீர்மருந்தாக மாற்றித் தந்தார். அதன் பிறகு உம்மா சில வாரங்கள் வலி குறைந்து உறங்கினார்கள். வஃபாத்தான பின்னரும் அந்த நோட்டுப் புத்தகத்தை லாத்தா தம் பெட்டியில் வைத்துக் காத்து வருகிறார். அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதே அதன் மதிப்பு. நோயுற்றோர் அறையின் விளக்கும் நடுக்கடற் படகின் விளக்கும் ஒன்றே என்று அப்போது நமக்குத் தோன்றிற்று.

மீண்டும் 1968-இன் பந்தயத்துக்கு வருவோம். அதில் கலந்துகொண்ட மற்ற இருவரின் நாள்களையும் சொல்லாவிட்டால் இக்கதை நிறைவுறாது.

ஒருவர் பிரெஞ்சுக்காரராகிய பெர்னார் மொய்தெஸ்ஸியே. வியத்நாமில் வளர்ந்தவர். ‘ஜோஷுவா’ என்னும் எஃகுப் படகில் ஆகஸ்டு மாதம் புறப்பட்டார். செய்தி அனுப்பும் வானொலியை ஏற்க மறுத்துவிட்டார். எதிர்ப்படும் கப்பலின் தளத்துக்குக் கவண் கொண்டு கடிதத்தை எறிவதே அவர் வழக்கம். யோகப் பயிற்சி செய்வார், பறவைகளோடு பேசுவார், கடலை நோக்கி நெடுநேரம் அமர்ந்திருப்பார். 1969 பிப்ரவரியில் ஹார்ன் முனையைக் கடந்தார். வடக்கே திரும்பினால் வீடு, பரிசு, புகழ் யாவும் காத்திருந்தன. அவரோ நன்னம்பிக்கை முனையருகே ஒரு கப்பலுக்குக் கவணால் செய்தியெறிந்துவிட்டு, பந்தயத்தைத் துறந்து, மீண்டும் கிழக்கு நோக்கியே சென்றார். ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று சுற்றி ஜூன் மாதம் தாஹித்தித் தீவில் இறங்கினார். கடலில் தாம் பெற்ற மன அமைதியை இழக்க அவர் விரும்பவில்லை. இதனைத் துறவு என்பாருமுளர். கரையில் காத்திருந்த மனைவியை எண்ணி வேறுவிதமாகச் சொல்வாருமுளர். நாம் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. ஆனால் அவர் தம் இருப்பிடத்தைப் பற்றியும் எண்ணத்தைப் பற்றியும் எவரையும் ஏமாற்றவில்லை.

மற்றொருவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். மின்னணுக் கருவிகள் செய்து விற்றவர், கூரிய அறிவினர், நான்கு பிள்ளைகளின் தந்தை. தொழில் நொடித்திருந்த நிலையில், கடன்பட்டுக் கட்டிய மூவுடல் படகில், புறப்பட அனுமதித்த இறுதி நாளாகிய அக்டோபர் 31 அன்று கிளம்பினார். படகு அவசரத்தில் முடிந்தது. சில வாரங்களிலேயே அது தென்கடலைத் தாங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பினால் கடனும் அவமானமும். முன்னே சென்றால் மரணம். டிசம்பர் மாதத்தில் அவர் மூன்றாவதொரு வழியைத் தேர்ந்தார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்யான இருப்பிடங்களை அறிவிக்கத் தொடங்கினார்.

அவருடைய அன்றாட வாழ்வை எண்ணும்போதுதான் நம் உள்ளம் நடுங்குகிறது. உண்மையான இடத்தை ஒரு கணக்கில் எழுதினார். இல்லாத இடத்தை வேறொரு கணக்கில் புனைந்தார். மெய்யான நாளேடு எழுதுவது எளிது: சூரியனை அளந்து, கணக்கிட்டு, எழுதினால் முடிந்தது. பொய்யான நாளேட்டுக்கோ, போகாத இடத்தில் சூரியன் எந்தக் கோணத்தில் நின்றிருக்கும் என்று தலைகீழாகக் கணக்கிட வேண்டும். அங்கே அன்று என்ன காற்று வீசியது என்று வானொலியில் ஒட்டுக்கேட்க வேண்டும். உண்மை சொல்பவருக்கு அரை மணி நேர வேலை. பொய்யருக்கு நாள் முழுதும் வேலை. சுஹைலியில் நாளேடு ஒரு மனிதனைத் தாங்கிற்று. இங்கே அதுவே ஒரு மனிதனைத் தின்றது.

பொய்யின் கேடு பொய்யரோடு நிற்பதுமில்லை. நைஜல் டெட்லி என்பவர் உலகை மெய்யாகவே சுற்றி முடித்து, தம் மூவுடல் படகில் வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தார். விரைவுப் பரிசு அவருக்கே உரியதாயிருந்தது. குரோஹர்ஸ்ட் பின்னால் விரைந்து வருகிறார் என்ற பொய்ச் செய்தியை நம்பி, நலிந்திருந்த தம் படகை விரட்டினார். 1969 மே 21 அன்று அஸோர்ஸ் தீவுகளுக்கு அருகே அது உடைந்து மூழ்கியது. அவர் மிதவையில் தப்பி மீட்கப்பட்டார்.

இப்போது குரோஹர்ஸ்ட் திரும்பினால் விரைவுப் பரிசு அவரைச் சேரும்; பரிசு சேர்ந்தால் நாளேட்டைச் சோதிப்பார்கள். தம் ஏட்டில் கடலையும் பயணத்தையும் விட்டு, காலத்தையும் கடவுளையும் பற்றிக் கலங்கிய மொழியில் பக்கம் பக்கமாக எழுதினார். அவர் கையெழுத்தின் இறுதி நாள் ஜூலை 1. ஜூலை 10 அன்று ஒரு கப்பல் அப்படகை நடுக்கடலில் கண்டது. உள்ளே எவருமில்லை, ஏடுகள் இருந்தன. அவரைப் பழிப்பதற்காக இதை நாம் எழுதவில்லை. கடனுக்கஞ்சும் குடும்பத் தலைவர்கள் எல்லா ஊரிலும் உள்ளனர். தாம் தோற்றதை முதல் நாளே ஒரு வரியில் எழுதியிருப்பின் அவர் வீடு திரும்பியிருப்பார் என்னும் துயரமே நம்மை எழுதத் தூண்டுகிறது.

சுஹைலியோ 1968 நவம்பரில் நியூசிலாந்துக் கரையோரம் காணப்பட்ட பின், நான்கரை மாதம் எவர் கண்ணிலும் படவில்லை. மூழ்கிவிட்டது என்றே பலர் எண்ணினர். 1969 ஜனவரி 17 அன்று அது ஹார்ன் முனையைக் கடந்ததை உலகம் அறியாது. நாளேடு மட்டுமே அறியும். ஏப்ரல் 22 அன்று, 312 நாள்களுக்குப் பின், துருவேறிய கறைகளோடு அது ஃபால்மவுத் துறைக்குள் நுழைந்தது. எங்கிருந்து வருகிறீர் என்று சுங்க அதிகாரிகள் முறைப்படி வினவ, ஃபால்மவுத்திலிருந்து என்று அவர் விடையிறுத்தார். புறப்படுமுன் அவரைச் சோதித்த மனநல மருத்துவர் திரும்பிய பின்னும் சோதித்து, வேறுபாடு ஏதுமில்லை என்றே கண்டார். முடித்தவர் அவர் ஒருவரே ஆதலின் 5,000 பவுனும் அவரையே சேர்ந்தது. அப்பணத்தை அவர் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கு அளித்துவிட்டார். மெய்யான ஏட்டின் ஊதியம் பொய்யான ஏட்டின் அநாதைகளுக்குச் சென்றது.

அப்பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2018-இல் அதே முறையில் மீண்டும் ஒரு பந்தயம் நடத்தினர். செயற்கைக்கோள் கொண்டு வழியறியலாகாது. கோணமானியும் தாள் படமும் கைநாளேடுமே துணை. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, சுஹைலியின் வடிவில் கோவாவில் கட்டிய ‘துரியா’ என்னும் படகில் சென்றார். அப்பெயர் வடமொழியின் ‘துரீயம்’. அரபு பழகிய நம் செவியிலோ கார்த்திகை மீன்கூட்டமாகிய ‘ஸுரையா’வும் உடனொலித்தது. செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயல் பாய்மரத்தை முறித்தது; அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. அசைய முடியாமல் படுக்கையில் கிடந்தபடி, தாம் இருக்கும் நிலையைச் சுருங்கிய சொற்களில் அனுப்பினார். மூன்று நாளில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. முதுகில் உலோகத் தண்டுகள் பொருத்தப்பெற்ற அவர் மீண்டும் நடக்கப் பழகி, 2022-இல் அடுத்த பந்தயத்திலும் புறப்பட்டார். பொறி உடைந்தபோது படகின் உட்கதவுப் பலகையை அறுத்துப் பொருத்தினார். 236 நாளில் சுற்றி முடித்து, 2023 ஏப்ரல் இறுதியில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அவருக்கு முன் வந்து வென்றவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் என்னும் பெண்மணி.

நம் மாணவர்கள் வீரச் செயல்களைப் பற்றிக் கேட்கும்போது நாம் ஹார்ன் முனையின் அலைகளைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆனால் அவர்கள் மனத்தில் பதிய வேண்டுமென நாம் விரும்புவது வேறு. விடியலில் கயிற்றைத் தடவிப் பார்க்கும் கை, முதல் மழைநீரைக் கொட்டிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் பொறுமை, உச்சிப்பொழுதில் தவறாமல் இடும் அந்தச் சிறு புள்ளி ஆகியவையே அவை. நேற்று இட்ட புள்ளி பிழையானால் இன்றைய கோடு பிழைக்கும். நேற்றைய புள்ளி பொய்யானால் இனி இடும் எந்தக் கோடும் கரைக்குக் கொண்டு சேர்க்காது. கற்பிப்பவனுக்கும் கப்பலோட்டுபவனுக்கும் நம் முன்னோர் ஒரே பெயர் வைத்தது இதை அறிந்துதானோ என்று நாம் எண்ணுவதுண்டு. இருவர்க்கும் முதற்பாடம் ஒன்றே: நிற்கும் இடத்தை உள்ளபடி குறித்தல்.